மாடி சோலாரில் ஒரு டன் கரியமில வாயுவைக் குறைக்க என்ன செலவாகும்? சேலத்து வீடுகளுக்கான கணக்கு

மொட்டை மாடியில் சோலார் அமைக்க நினைப்பவர்கள் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கேட்பதோடு, ஒரு டன் கரியமில வாயுவைத் தடுக்க எவ்வளவு செலவாகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். அதே பணத்தில் இன்னும் அதிகமாகத் தடுக்க வழி உண்டா என்பது அப்போதுதான் புலப்படும்.

முதலில் ஒரு யூனிட்டின் அடக்கவிலையைக் காணுங்கள். 3 கிலோவாட் அமைப்புக்கு 2 லட்சம் ரூபாய் ஆவதாகக் கொள்வோம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம், தூசிக்கும் தேய்மானத்துக்கும் சற்றுக் கழித்தால், ஆண்டுக்கு 4,200 யூனிட் கிடைக்கும். 25 ஆண்டுகள், 8 சதவீத வட்டி என்று பிரித்தால் ஆண்டுச் செலவு சுமார் 18,700 ரூபாய். பராமரிப்புக்கு 2,000 சேர்த்தால் யூனிட் 5 ரூபாயை ஒட்டி நிற்கும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தைக் கழித்தால் அது 3 ரூபாய் 20 காசாக இறங்கும்.

அடுத்து, அந்த யூனிட் எதற்கு மாற்றாக வருகிறது என்று பாருங்கள். கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீட்டில் முதல் 100 யூனிட் இலவசம், மீதியும் மலிவு என்பதால் சோலார் கையைக் கடிக்கும். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டிலோ, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்றி, அதற்குக் கீழுள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடுவதால், மிச்சமாகும் தொகை பெரியது. அம்மாபேட்டைப் பக்கத்து விசைத்தறிக்கூடங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது அடக்கவிலையிலிருந்து மிச்சமாகும் கட்டணத்தைக் கழித்து, 0.7 கிலோவால் வகுத்து, 1,000 ஆல் பெருக்குங்கள். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ அவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது. சுருங்கச் சொன்னால், யூனிட்டுக்கு 70 காசு வித்தியாசம் டன்னுக்கு 1,000 ரூபாய். மானியம் பெற்று, யூனிட்டுக்குச் சராசரியாக 6 ரூபாய் 40 காசு மிச்சமாகும் வீட்டுக்கு டன்னுக்குச் சுமார் 4,500 ரூபாய் லாபமே வரும்.

நாட்டின் கணக்கு வேறு. மானியமும் மக்கள் பணம்தான் என்பதால் 5 ரூபாயையே எடுக்க வேண்டும். கட்டணத்துக்குப் பதிலாக மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற ஒன்றில் மிச்சமாகும் நிலக்கரியின் விலையை வைக்க வேண்டும். அது யூனிட்டுக்கு 3 ரூபாய் 60 காசு எனில், அதே தகடுகள் டன்னுக்கு 2,000 ரூபாய் செலவு வைக்கின்றன. இது வீண் செலவு அன்று என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் இதைவிட மலிவான வழியை முதலில் முடித்துவிட வேண்டும். 75 வாட் மின்விசிறியைக் கழற்றி, 3,000 ரூபாய்க்கு 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டினால், நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் வீட்டில் மிச்சமாகும் யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 30 காசுதான் ஆகும்.

ஏற்காட்டில் மூடுபனியும் சில்வர் ஓக் நிழலும் உண்டு. அங்கே 4 யூனிட்டுக்குப் பதில் 3 யூனிட் வைத்துக் கணக்கிட்டால் மானியத்துடனும் அடக்கவிலை 4 ரூபாயைத் தாண்டும். சேலத்திலும், மாலை மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தத் தகட்டில் விழுகிறது என்று மாடியேறிப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே சோலார் வைத்திருப்பவரின் இன்வெர்ட்டரில் ஐப்பசி, கார்த்திகை மாத உற்பத்தியைக் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.