சட்டம் வாங்கிய பிறகு: முதன்முறை கூத்துப் பழகுகிறவருக்கு

மாரி வேளாண்மை வெட்டி முடிந்ததும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் கூத்துப் பேச்சுத் தொடங்கிவிடும். பெரியவர்கள் கோயில் முன்றிலில் கூடி, என்ன கூத்து, அதைப் பழக்க எந்த அண்ணாவியார் என்று தீர்மானித்து, வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைப்பார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் சட்டம் கொடுப்பார்கள். யாருக்கு எந்த வேஷம் என்று முடிவாகி, அவரவர் படிக்க வேண்டிய பாட்டும் வசனமும் கைக்கு வரும் நாள் அது. நான் முன்பு ஆடினவன். முழங்கால் விடாததால் இப்போது ஏடு பார்க்கிறேன். கூத்து ஆடுகிற இடமான களரியில் ஆருக்காவது பாட்டின் அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் புதியவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கூத்தில் ஒரு வகையான வடமோடியில் முதன்முறை வேஷம் கட்டுகிறவருக்காக இதைச் சொல்கிறேன்.

சட்டத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு "பாடமாக்கியாச்சு" என்று சொல்கிற பொடியன்கள் இப்போது அதிகம். அது சரிவராது. ஒரு சீஆர் கொப்பி வாங்கி, உங்கள் பாட்டு முழுவதையும் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே, உங்களுக்கு முன்னால் பாடுகிறவரின் கடைசி அடியைச் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள். மறதி பெரும்பாலும் பாட்டின் நடுவில் வருவதில்லை, தொடங்குகிற இடத்தில்தான் வரும். மந்திரி "அரசே" என்று முடிக்கிறானா, "சுவாமி" என்று முடிக்கிறானா என்று தெரியாமல் நிற்கிற ராசாவுக்கு நான் எத்தனை தரம் எடுத்துக் கொடுத்தாலும் கேட்காது, மத்தளச் சத்தம் அப்படி.

இனி முக்கியமான விஷயம். எல்லோரும் முதல் நாளே காலைத் தூக்கி ஆடத்தான் துடிப்பார்கள். நல்ல அண்ணாவியார் விடமாட்டார். எங்களுக்குப் பழக்கினவர் எங்களை மண்ணில் இருத்தி, தொடையில் தட்டிக்கொண்டு ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான தாளக்கட்டை வாயால் சொல்ல வைப்பார். "வாயில வராதது கால்ல வராது மனே" என்பார். ஊருக்கு ஊர், அண்ணாவியாருக்கு அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல் கொஞ்சம் மாறும். உங்கள் அண்ணாவியார் சொல்வதுதான் உங்களுக்குச் சரி, வேறு ஊர் வீடியோவைப் பார்த்துத் திருத்தப் போகாதீர்கள். முதலில் ஆறுதலாக, பிறகு கதியைக் கூட்டி, முடித்து வைக்கிற தீர்மானம் வரை தடக்காமல் சொல்ல வரட்டும். அதன்பிறகு எழும்பி நில்லுங்கள். எட்டு, வீசாணம், குத்துமிதி என்கிற ஆட்டங்கள் எல்லாம் அப்போது அவ்வளவு பாடாகத் தெரியாது.

ஆட்டமும் வந்துவிட்டது, பாட்டும் வந்துவிட்டது என்று நினைக்கிற கட்டத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது. வரவு ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து வந்து, களரியைச் சுற்றி வேகமாக ஆடி, தீர்மானம் வைத்து நின்றதும் உடனே பாட வேண்டும். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். முதல் அடி இளைப்போடு வெளியே வந்தால், பிறகு என்ன வீரம் பேசினாலும் சனம் சிரிக்கும். ஆகவே வீட்டில் பழகும்போது பாட்டைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் பழகி நேரத்தை வீணாக்க வேண்டாம். வரவை முழுதாக ஆடுங்கள், நின்றதும் மூக்கால் ஒரு மூச்சு இழுங்கள், முதல் அடியைப் பாடுங்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நீங்கள் பாடி விட்டதைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் படிக்கும் நேரம் உங்களுக்கு மூச்சு வாங்கக் கிடைக்கிற நேரம். அப்போதும் அவர்களோடு சேர்ந்து கத்துகிறவர் நடுச்சாமத்தில் தொண்டை அடைத்துப் போவார். கூத்து விடியும் வரை போகும் என்பதை மறக்கக்கூடாது.

பழகுகிற இடத்தில் வட்டத்தைச் சாம்பலாலோ சுண்ணாம்பாலோ கீறிக்கொள்ளுங்கள். வட்டக்களரியில் அண்ணாவியார், மத்தளம், சல்லரி என்கிற தாளம், பிற்பாட்டு எல்லாம் நடுவில். சனம் நாலு பக்கமும். முன்பக்கம் என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூட மேடையில் ஆடிப் பழகின பிள்ளைகள் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பாடிவிட்டு நிற்பார்கள், மற்றப் பக்கத்தில் இருக்கிற கிழவிகள் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கூத்தைச் சுருக்கிப் ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். அது வேறு கணக்கு, அதற்கு வேறு பழக்கம் வேண்டும். உங்கள் ஊர்க் களரிக்குப் பழகுகிறீர்கள் என்றால், பாட்டின் ஒவ்வோர் அடியையும் ஒவ்வொரு திசைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

சதங்கை அணிகிற நாள் வரை உங்கள் பிழை உங்களுக்கும் அண்ணாவியாருக்கும் மட்டும்தான் தெரியும். சதங்கை கட்டின பிறகு ஊருக்கே கேட்கும். அதற்கு முதல் கிழமையாவது வெறுங்காலால் நிலத்தில் அறைந்து ஆடி, சத்தம் மத்தளத்தோடு சேருகிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள். பாதம் நோகும். இரவில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டுப் படுங்கள்.

உடுப்பைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. ராசா வேஷத்துக்குக் கரப்புடுப்பு கட்டினால் இடுப்பைச் சுற்றி வளையம் விரிந்து நிற்கும், தலையில் கெருடம் என்கிற முடி, தோளில் புயக்கட்டை என்கிற அணி. கையைத் தாழ்த்த இடமிருக்காது, குனியவும் முடியாது. போர் ஆட்டத்தில் இரண்டு ராசாக்கள் கிட்டப் போனால் வளையங்கள் ஒன்றில் ஒன்று மாட்டும். நாங்கள் பழைய சைக்கிள் றிம்மைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுப் பழகுவோம். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு எட்ட நின்று வில்லை ஓங்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பெண் வேஷம் கட்டுகிற ஆம்பிளைகள் சேலையோடு குறைந்தது ஒரு கிழமை பழகட்டும். சேலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகிற திரௌபதியைப் பார்க்கச் சகிக்காது.

தொண்டைக்கு வேர்க்கொம்பு போட்ட பிளேன்ரீ போதும். பழகிவிட்டு வரும் வழியில் ஐஸ் போட்ட சோடா குடிக்கிறவரை நான் பேசுவேன்.

இன்னொரு தொல்லை, ஆள் வராமை. வயல் வேலை, கொத்து வேலை, இடையில் கட்டாருக்கு விசா வந்துவிடும். அதனால் உங்கள் வேஷத்தோடு இன்னொருவரின் சட்டத்தையும் பாடமாக்கி வையுங்கள், கூடுதலாக உங்களோடு நேருக்கு நேர் பாடுகிறவருடையதை. அவர் வராத இரவில் நீங்களே இரண்டையும் பாடிப் பழகலாம், பழக்கம் தள்ளிப்போகாது. முழு ஒத்திகையான அடுக்குப் பார்க்கிற இரவில் மட்டும் ஒருவரும் லீவு கேட்கக்கூடாது. அன்று முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை நிற்காமல் போகும், பிழை விட்டாலும் திருப்பி ஆட விடமாட்டார்கள். பிழையோடு எப்படித் தொடருவது என்பதையும் அன்றுதான் பழகலாம்: வாயில் வராவிட்டால் கால் தாளத்தை விடாமல் நடந்துகொண்டிருக்கட்டும், நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அரங்கேற்றம் முடிந்ததும் கொப்பியை மச்சான்மாருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த நாள் வீட்டுக்கு வீடு ஆடப் போக வேண்டும். ஒவ்வொரு வளவிலும் எந்தப் பாட்டைக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.