நாயோடும் பூனையோடும் வடக்கு அரிசோனா: மோட்டார்ஹோமில் இருவர் ஓய்வெடுக்கத் திட்டமிடும் முறை

களைப்பு நீங்க வேண்டும் என்று மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வாகனத்தில், புறப்படும் தம்பதியர் பலர், பார்க்க வேண்டிய இடங்களை முதலில் பட்டியலிட்டுவிட்டு, வளர்ப்பு விலங்குகளை அந்தப் பட்டியலுக்குள் எப்படியாவது பொருத்தப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். நாய் எங்கே நடக்கலாம், பூனை எங்கே நிம்மதியாக உறங்கும் என்பதை முதலில் முடிவு செய்தால், பயணத்தின் வேகம் தானாகவே குறையும். உங்கள் இருவருக்கும் ஓய்வு கிடைப்பதும் அதனால்தான். அமெரிக்காவின் வடக்கு அரிசோனா இதற்கு மிகவும் ஏற்ற பகுதி.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவை நடைபாதைகளில் நாய்களை அனுமதிப்பதில்லை. பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் பூங்கா இதற்கு விதிவிலக்கு. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்து கல்லாகிப்போன மரங்களுக்கிடையே, ஆறு அடிக்கு மிகாத கயிற்றில் பிடித்தபடி நாயை அழைத்துச் செல்லலாம். பூங்காவுக்குள் வாகனத்தை நிறுத்தித் தங்கும் முகாம் கிடையாது என்பதால், அருகிலுள்ள ஹோல்புரூக் ஊரில் இரண்டு இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 145 கிலோமீட்டர். கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு அதற்கு மேல் 130 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தூரம்தான் என்றாலும், ஃபிளாக்ஸ்டாஃபில் ஓர் இரவு தங்கிப் போவதையே பரிந்துரைப்பேன்.

தெற்கு விளிம்பில், விளிம்பையொட்டிச் செல்லும் பாதையில் நாய்க்கு அனுமதி உண்டு. பள்ளத்தாக்கினுள் இறங்கும் பாதைகளிலும் பூங்காவின் பேருந்துகளிலும் அனுமதி இல்லை. நாய்க் காப்பகம் ஒன்று அங்கே இருந்தாலும், தினமும் அதை நாட வேண்டாம். விடியற்காலையில் ஒருவர் பிரைட் ஏஞ்சல் பாதையில் சிறிது தூரம் இறங்கி வரட்டும், மற்றவர் நாயுடன் விளிம்பில் நடக்கட்டும். மறுநாள் முறை மாறட்டும். சில மீட்டர் நீள வாகனத்தில் இரவும் பகலும் சேர்ந்தே இருக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் தனிமையில் கழியும் ஒரு மணி நேரம் மிகவும் தேவை. விலங்குக்கான கட்டுப்பாடே அதை வழங்கிவிடுகிறது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வெப்பத்தில்தான். வெளியே இதமான 24 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே, வெயிலில் மூடி நிறுத்திய கார் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். மோட்டார்ஹோமையும் அவ்வாறே கருதுங்கள். குளிர்சாதனம் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் விலங்குகளைப் பூட்டிவிட்டு நெடுநேரம் வெளியே செல்லாதீர்கள், ஏனெனில் முகாமில் மின்சாரம் தடைபட்டால் அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானிகள் கிடைக்கின்றன. ஆனால் பள்ளத்தாக்கினுள் சிக்னல் கிடைக்காத இடங்களில் அவற்றால் பயனில்லை. ஒருவர் எப்போதும் உடனிருப்பதே பாதுகாப்பு. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையைச் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள்; உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதங்களாலும் தாங்க முடியாது.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. ஆயினும் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்த மாதங்களிலும் இரவில் உறைகுளிர் வரக்கூடும்; படுக்கும் முன், முகாமிலிருந்து வாகனத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் வெளிக் குழாயைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

வாகனம் ஓடும்போது நாய்க்கு இருக்கைப் பட்டையும் பூனைக்கு நன்றாகக் கட்டப்பட்ட கூண்டும் வேண்டும். பக்கவாட்டில் விரியும் அறை இருந்தால், அதை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு விலங்குகளையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பூனை அந்த இயந்திரத்தின் இடுக்கில் புகுந்துகொள்வது உயிருக்கே ஆபத்து. புறப்படுவதற்கு முன் ஓர் இரவு வீட்டு வாசலிலேயே வாகனத்தில் எல்லோரும் படுத்துப் பாருங்கள். பூனை தன் மணல் தட்டை அங்கே பழகிக்கொண்டால், பாதிக் கவலை தீர்ந்தது.

வேலைகளை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது கழிப்பறைத் தொட்டியை முதலிலும் குளியல், சமையலறைக் கழிவுநீரைப் பிறகும் திறந்தால் குழாய் ஓரளவு அலசப்பட்டுவிடும். வாகனத்தைப் பின்னோக்கி நிறுத்தும்போது, வெளியே நின்று வழிகாட்டுபவரின் கை அசைவுகளுக்கு இருவரிடமும் ஒரே பொருள் இருக்கட்டும். மாலை நேரச் சண்டைகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் வாகனத்துக்கு மின் இணைப்பு உள்ள முகாம் டிரெய்லர் வில்லேஜ் மட்டுமே. மேதர் முகாமில் இணைப்பு இல்லை. எனவே பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யுங்கள். காப்பகத்தில் காட்டுவதற்குத் தடுப்பூசிச் சான்றிதழ்களின் அச்சுப் பிரதி கையிலிருக்கட்டும்.