ஸ்டார்டியூ வேலி: ஹேலிக்கு மீன் கொடுக்காதீங்க (முதல் வருஷக்காரர்களுக்கான காதல் வழிகாட்டி)

ஏப்ரல் 15 ஆனால் காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். படகில் வேலை பார்க்கும் என் சித்தி பையனுக்கு அந்த நாட்களில் காலையில் வலை பின்னுவது, சாயந்திரம் கேரம், ராத்திரி போன். இந்தத் தடவை அவன் போனில் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மாடிக்கு வந்து நின்றான்.

"இன்னாக்கா இது? போறப்பல்லாம் மீன் குடுக்குறேன். அந்தப் பொண்ணு மூஞ்சத் திருப்பிக்கினு போவுது."

அந்தப் பொண்ணு ஹேலி. விளையாட்டில் வரும் ஊரில் மீனே ஆகாதவள். வஞ்சிரம் எடுத்துவந்து கொடுத்தால் சந்தோஷப்படும் வீட்டில் பிறந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? அவனை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டில் தமிழ் கிடையாது, திரையில் ஆங்கிலம்தான் வரும். அதனால் சீசன் பெயர்களையும் (ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர், அங்கே மாசத்துக்குப் பதில் இவைதான்) பொருட்களின் பெயர்களையும் அங்கே பார்க்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், தேடச் சுலபமாக இருக்கும்.

முதலில் ஒரு வார்த்தை. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, எழுத்து எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. தாத்தா விட்டுப்போன நிலத்தில் விவசாயம் பண்ண வேண்டும், பக்கத்து ஊர்க்காரர்களோடு பழக வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூடியவர்கள் 12 பேர், ஆறு பெண்கள், ஆறு ஆண்கள். நீங்க ஆணாக விளையாடினாலும் பெண்ணாக விளையாடினாலும் இந்த 12 பேரில் யாரையும் காதலிக்கலாம், தடையே இல்லை.

படி 1: கணக்கைப் புரிஞ்சுக்கோங்க

மெனுவில் இதயம் போட்ட பக்கத்தைத் திறந்தால் ஊரார் எல்லார் பெயரும் வரும், எதிரே காலி இதயங்கள். ஒரு இதயம் நிறைய 250 பாயின்ட் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசினால் 20. ரொம்பப் பிடித்த பொருள் கொடுத்தால் 80, பிடித்தது என்றால் 45, சுமாரானது என்றால் 20. பிடிக்காததைக் கொடுத்தால் 20 போகும், வெறுப்பதைக் கொடுத்தால் 40 போகும். தம்பி ஒவ்வொரு மீனுக்கும் அந்த 40-ஐத்தான் இழந்துகொண்டிருந்தான்.

கிஃப்ட் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு ரெண்டு, அவ்வளவுதான். வாரம் ஞாயிற்றுக்கிழமை புதிதாகத் தொடங்கும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெண்டு கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டால் அந்த வாரத்துக்கு முடிந்தது. ரெண்டையும் கொடுத்து முடித்தால் கூடுதலாக 10 பாயின்ட்.

எனக்கு இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு பாசம் வரக் காரணமே இந்த ஒரு விதிதான். எவ்வளவு காசு வைத்திருந்தாலும் ஒரே நாளில் யார் மனசையும் வாங்க முடியாது. தினம் போய் நின்று ரெண்டு வார்த்தை பேசியே ஆக வேண்டும். ஏழு நாள் பேசினால் 140, ரொம்பப் பிடித்த கிஃப்ட் ரெண்டு கொடுத்தால் 160. பேச்சும் கிஃப்டும் கிட்டத்தட்ட சமம் என்பதைப் பாருங்க. கிஃப்டை மட்டும் வீசிவிட்டு ஓடுகிறவர்கள் பாதியைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

படி 2: ஒரே ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க

ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிஷம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு நாள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குள் தண்ணி ஊற்ற வேண்டும், மாட்டைப் பார்க்க வேண்டும், சுரங்கத்துக்கும் போக வேண்டும். நாலு பேர் பின்னால் அலைந்தால் நாலு பேரும் ரெண்டு இதயத்தில் நிற்பார்கள்.

அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. ஆனால் முதல் வருஷத்தில் அவருக்குப் பிடித்த பொருள் உங்கள் கைக்கு எட்டுமா என்றும் பாருங்க. டாக்டர் ஹார்விக்குக் காபி, லியாவுக்கு சாலட், ஷேனுக்கு மிளகாய், அபிகெயிலுக்கு அமெதிஸ்ட் கல். இவையெல்லாம் சுலபத்தில் கிடைக்கும். பென்னிக்கு மெலான் பிடிக்கும், பாப்பிப் பூவும் பிடிக்கும். அந்தப் பூ ஊரில் மற்றவர்களுக்கு ஆகாது, அதனால் அவளுக்கென்று வைத்ததைக் கை தவறி வேறு யாருக்கும் நீட்டிவிடாதீங்க.

தம்பி ஹேலிதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆரம்பத்தில் அவள் எடுத்தெறிந்துதான் பேசுவாள், பொறுத்துக்கொள்ளுங்க.

படி 3: ஸ்பிரிங், டாஃபடில், 14-ஆம் தேதி

இந்தப் படிதான் முக்கியம், நிதானமாகப் படிங்க.

ஹேலிக்கு ரொம்பப் பிடித்தது சன்ஃபிளவர், தேங்காய், பிங்க் கேக், ஃப்ரூட் சாலட். ஸ்பிரிங்கில் இதில் ஒன்றும் கைக்கு வராது. ஆனால் டாஃபடில் என்று மஞ்சளாக ஒரு பூ ஊருக்குள்ளேயே தரையில் முளைத்துக் கிடக்கும், விலை கிடையாது, குனிந்து பறித்தால் போதும். அது அவளுக்குப் பிடிக்கும், 45 பாயின்ட். கண்ணில் பட்டதையெல்லாம் பறித்துப் பெட்டியில் போட்டு வையுங்க, ஒன்றைக்கூட விற்காதீங்க. ஊரில் விதை விற்கும் பியர் (Pierre) என்பவரின் கடைக்கு வெளியே தொங்கும் காலண்டரில் ஸ்பிரிங் 14-ஐப் பாருங்க, ஹேலியின் பிறந்தநாள். பிறந்தநாள் கிஃப்டுக்கு எட்டு மடங்கு. அந்த இலவசப் பூவே அன்றைக்கு 360 பாயின்ட்! அந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு கொடுத்திருந்தாலும் அன்றைக்கு வாங்கிக்கொள்வாள்.

ஸ்பிரிங் 24-இல் காட்டுக்குள் ஃபிளவர் டான்ஸ் நடக்கும். நாலு இதயம் இருந்தால்தான் நம்மோடு ஆட ஒத்துக்கொள்வாள். முடியுமா? 23 நாள் பேச்சு 460, பிறந்தநாள் வாரத்தில் ஒன்று, மற்ற மூன்று வாரங்களில் ரெண்டு ரெண்டு என ஏழு டாஃபடில் 315, பிறந்தநாள் 360. மொத்தம் 1,135. வேண்டியது 1,000. நடுவில் ஐந்தாறு நாள் பேச மறந்திருந்தாலும் தாண்டிவிடலாம். முதல் நாளே அவள் வீட்டைத் தேடிப் போங்க. கூடப்பிறந்த எமிலியோடு இருக்கிறாள், காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்.

டான்ஸில் ஒருமுறை பேசினால் சும்மா பேச்சுதான் வரும். மறுபடியும் பேசினால்தான் ஆட வர்றியா என்று கேட்கும் வாய்ப்பு வரும். நிறையப் பேர் முதல் பேச்சோடு திரும்பிவந்து இவள் மாட்டேன்னுட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டு, அவள் சரி சொன்ன பிறகு மேயரிடம் போய்த் தொடங்கச் சொல்லுங்க. ஆடினால் 250, அதாவது முழுசாக ஒரு இதயம்.

போனில் விளையாடுகிறவர்கள் கவனிக்க: கையில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தபடி ஆளைத் தட்டினால் அது கிஃப்டாகப் போய்விடும். சும்மா பேசப் போகும்போது மண்வெட்டியோ கோடரியோ தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு போங்க. தம்பியின் பாதி மீன் இப்படித்தான் போயிருக்கிறது.

படி 4: சம்மர், சன்ஃபிளவர்

சம்மர் 1 அன்று பியர் கடையில் சன்ஃபிளவர் விதை வாங்குங்க, ஒன்று 200 கோல்டு (அந்த ஊர்க் காசு). புதன்கிழமை கடை லீவு. எட்டுப் பத்து விதை போதும். பூவை விற்றால் 80 கோல்டுதான் வரும், வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டம், அதனால் வயல் முழுக்கப் போடாதீங்க. எட்டு நாளில் பூக்கும், ஃபால் சீசனிலும் வளரும். அது பூக்கும் வரை ஸ்பிரிங்கில் சேர்த்த டாஃபடிலை எடுத்துக் கொடுங்க. நட்சத்திரம் போட்ட பூ வந்தால் அவளுக்கென்று தனியாக எடுத்து வையுங்க, தங்க நட்சத்திரத்துக்கு கால் பங்கு கூடுதல் பாயின்ட்.

இப்படிப் போனால் சம்மர் பாதியில் எட்டு இதயம் வந்துவிடும். அதற்கு மேல் நகராது, பயப்படாதீங்க. காதலைச் சொல்லும் வரை அந்த இடத்தில் பூட்டு போட்டிருக்கும்.

இடையில் இதயம் கூடக் கூடச் சில காட்சிகள் வரும். அவற்றைத் தள்ளிவிட்டுப் போகாதீங்க. ரெண்டில் அக்கா தங்கைச் சண்டை, நாலில் திறக்க முடியாத ஜாடி, பிறகு மாட்டை போட்டோ எடுக்கும் காடு. இன்னொரு காட்சிக்கு, வின்டர் இல்லாத நாளில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் கடற்கரைக்குப் போங்க. கொள்ளுப்பாட்டியின் கைச்சங்கிலியைத் தொலைத்துவிட்டு ஹேலி நிற்பாள். தேடிக் கொடுப்பது நம் வேலை. ஸ்பிரிங்கில் முகம் கொடுத்துப் பேசாத அந்தப் பெண் இவள்தானா என்று இருக்கும். நான் முதல் தடவை அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் விளையாடவில்லை.

படி 5: பூங்கொத்து

எட்டு இதயம் வந்ததும் பியர் கடையில் பூங்கொத்து விற்பனைக்கு வரும், 200 கோல்டு. கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்க. அவ்வளவுதான், காதலர்கள். பத்து இதயம் வரை வழி திறக்கும்.

இனிமேல் ஒரு நாள் பேசாமல் விட்டால் 10 பாயின்ட் குறையும். முன்பு அது 2 மட்டும்தான். பலரையும் காதலிக்க விளையாட்டு விடும், ஆனால் எல்லாரையும் கடைசிவரை கொண்டுபோனால் ஒருநாள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். புதிதாக விளையாடுகிறவர்களுக்கு அது வேண்டாத தலைவலி. இன்னொன்று, யாராவது பக்கத்தில் இருக்கும்போது குப்பைத்தொட்டியைக் கிளறாதீங்க, பார்த்தவரிடம் 25 பாயின்ட் போகும்.

படி 6: வீடு, பாலம், மழை

கல்யாணத்துக்கு மூன்று வேலை. ஊரின் தச்சர் ராபினிடம் சொல்லி வீட்டை ஒருமுறை பெரிதாக்க வேண்டும், 10,000 கோல்டும் 450 மரமும். கடற்கரையின் கிழக்கே உடைந்த பாலத்தை 300 மரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். பத்து இதயம் வந்தபின் ஒரு மழை நாளில் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு கிழ மாலுமி நிற்பார், 5,000 கோல்டுக்கு மெர்மெய்ட்ஸ் பென்டன்ட் என்ற மாலையை விற்பார். அந்த ஊரில் தாலி அதுதான்.

வெயில் நாளில் அவர் வரமாட்டார். தினமும் டிவியில் மறுநாள் வானிலையைப் பாருங்க. வின்டரில் மழையே பெய்யாது, அதனால் ஃபால் முடிவதற்குள் வாங்கிவிடுவது நல்லது. தவறினால் அடுத்த ஸ்பிரிங் வரை காத்திருக்க வேண்டும். மழையில் கடலோரம் நிற்கிற கிழவரைப் பற்றிச் சொன்னபோதுதான் தம்பி முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நம்ம தாத்தா மாரிக்கா" என்றான்.

மாலையைக் கொடுத்தால் மூன்றாம் நாள் கல்யாணம். அதற்குப் பிறகும் பேச்சை விடாதீங்க, பேசாத நாளுக்கு இப்போது 20 போகும். வேறு பெண்களுக்குக் கிஃப்ட் கொடுத்தால் அவளுக்குத் தெரியவரலாம், வருத்தப்படுவாள். பன்னிரண்டரை இதயத்தைத் தொட்டால் அவளே ஸ்டார்டிராப் என்ற ஒரு பழம் தருவாள், உங்கள் தெம்பின் அளவு நிரந்தரமாகக் கூடும்.

ஜூன் 14 சாயந்திரம் தம்பி ஐஸ் ஏற்றிவிட்டு வந்தான். விடிந்தால் கடல். அவன் ஆட்டத்தில் அப்போது ஃபால் 9, ஹேலியிடம் ஒன்பது இதயம், பாலம் போட்டாகிவிட்டது, வீட்டுக்கு இன்னும் நூறு மரம் பாக்கி.

"நான் வர எத்தினி நாள் ஆவும்னு தெரியாதுக்கா. பேசாம வுட்டா டெய்லி பத்து கொறையும்னியே?"

குறையாது. உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தால் கேட்டுக்கோங்க. நாம் விளையாடினால்தான் அந்த ஊரில் நாள் நகரும். கடைசியாகப் படுத்துத் தூங்கி சேவ் ஆன இடத்திலேயே எல்லாம் நிற்கும். அவன் எப்போது திரும்பிவந்து திறந்தாலும் அங்கே ஃபால் 9 காலை 6 மணிதான்.