கோர்ட் நோட்டீஸ் வந்தால் முதல் தாளைப் படிப்பது எப்படி?

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலை எனக்கு. வாரத்துக்கு இரண்டு பேராவது உறையைப் பிரிக்காமலே மேஜையில் வைத்து, "நீங்களே பாருங்க சார், எனக்குக் கை நடுங்குது" என்பார்கள். பத்துப் பதினைந்து சொற்கள் பிடிபட்டால் முதல் தாளை நீங்களே படித்துவிடலாம்.

படி 1: முதலில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்

யார் கொண்டுவந்தார் என்பதே பாதி சேதி. கோர்ட் அமீனா (நோட்டீஸ் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) வந்தால் பெரும்பாலும் சொத்து, கடன், பாகப்பிரிவினை மாதிரியான சிவில் விவகாரம், அதாவது உரிமையியல் வழக்கு. போலீஸ்காரர் சம்மனோடு வந்தால் குற்றவியல் வழக்கு. அதில் நீங்கள் சாட்சியாகக்கூட இருக்கலாம், பதற வேண்டாம். வாங்க மறுத்தால் வழக்கு போய்விடாது. சிவில் சம்மன் என்றால் வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், தெருவே படிக்கும்.

படி 2: மேல் வரியில் எந்தக் கோர்ட்?

சிவில் பக்கம் கீழிருந்து மேலே மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றம் (பேச்சில் 'சப் கோர்ட்'), மாவட்ட நீதிமன்றம். குற்றவியல் பக்கம் நீதித்துறை நடுவர் ('மேஜிஸ்திரேட் கோர்ட்', சுருக்கமாக ஜே.எம்.), அதற்கு மேல் அமர்வு நீதிமன்றம் ('செஷன்ஸ்'). விவாகரத்து, ஜீவனாம்சம் என்றால் பல ஊர்களில் குடும்ப நல நீதிமன்றம். வண்டி விபத்து நஷ்டஈடு என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்.

சென்னைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கணும். மாநகர உரிமையியல் நீதிமன்றம் இருப்பது ஹைகோர்ட் வளாகத்துக்குள். அதனால் 'ஹைகோர்ட்டில் கேஸ்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள் உண்டு. 1862இல் தொடங்கிய உயர் நீதிமன்றம் வேறு, இது வேறு. உயர் நீதிமன்ற வழக்கு எண்ணில் 'எம்.டி.' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை வழக்கு. சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

படி 3: நம்பருக்கு முன்னால் உள்ள எழுத்து

ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, அதாவது முதலில் போடும் சிவில் வழக்கு. ஐ.ஏ. என்றால் அந்த வழக்குக்குள் போட்ட இடைக்கால மனு, தடையுத்தரவு கேட்பது போல. ஏ.எஸ். மேல்முறையீடு. ஈ.பி. என்று இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள், அது நிறைவேற்று மனு. தீர்ப்பு முன்பே ஆகிவிட்டது, இப்போது வசூலுக்கோ சொத்தைக் கைப்பற்றவோ வந்திருக்கிறார்கள். குற்றவியலில் சி.சி. மேஜிஸ்திரேட்டிடம் நடப்பது, எஸ்.சி. செஷன்ஸில் நடப்பது.

படி 4: உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

வழக்குப் போட்டவர் வாதி, போடப்பட்டவர் பிரதிவாதி. மனுவாக இருந்தால் மனுதாரர், எதிர்மனுதாரர். குற்றவியல் தாளில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று எழுதுவார்கள். ஒரு பெரியவர் '2-ம் எதிரி' என்று தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "நான் யாருக்குய்யா எதிரி?" என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். அது பகையைச் சொல்லும் சொல் அல்ல, வழக்கில் உங்கள் இடத்தைச் சொல்வது. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை.

படி 5: வாய்தா தேதி

பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கும். மாதிரிக்கு நானே எழுதிய வாசகம் இது: "மேற்படி தாவாவில் தாங்கள் வருகிற 12-ந் தேதி காலை 10.30 மணிக்கு நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகி ஆட்சேபணை தெரிவிக்க வேண்டியது. தவறினால் எக்ஸ்பார்ட்டியாகத் தீர்மானிக்கப்படும்."

தாவா என்றால் வழக்கு. வாய்தா என்றால் விசாரணைத் தேதி. எக்ஸ்பார்ட்டி என்றால் நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக முடிப்பது. அப்படித் தீர்ப்பாகிவிட்டாலும் ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போடலாம். ஆனால் அது தனிச் செலவு, தனி அலைச்சல். அசல் வழக்கில் உங்கள் பதிலை 'எதிர்வழக்குரை' என்பார்கள். சம்மன் கையில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போடணும், கோர்ட் விட்டுக்கொடுத்தால் 90 நாள் வரை. குற்றவியலில் எதிரி வராவிட்டால் அடுத்து வருவது பிடியாணை, அதாவது வாரண்ட்.

படி 6: போனில் சரிபாருங்கள்

'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியை இறக்கி, சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணைத் தட்டுங்கள். மொத்தம் 16 இடம், தமிழ்நாட்டு வழக்கு என்றால் 'டி.என்.' என்று தொடங்கும், கடைசி நான்கும் வருடம். இந்த எண் தாளில் இல்லாவிட்டால் கோர்ட், வழக்கு வகை, எண், வருடம் கொடுத்துத் தேடலாம். அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது வந்துவிடும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் போடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

நோட்டீஸ் தபாலில் வந்திருந்தால் அந்த உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்று தகராறு வந்தால், வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தபால் முத்திரையைத்தான்.