போல் (கம்ப நடன) போட்டியா? பிரிவைப் பார்த்துப் பேர் கொடுங்க

நம்ம பாளையங்கோட்டைப் பக்கம் மல்லர் கம்பம் ஏறுற பிள்ளைகளுக்கு வயசை வச்சுத்தான் பிரிவு. வெளிநாட்டு போல், ஏரியல் (துணி, வளையத்துல அந்தரத்துல தொங்கிச் செய்யுற வித்தை) போட்டிகள்ல திறமை நிலையும் சேரும்: தொடக்கம், இடைநிலை, மேல்நிலை, தொழில்முறைன்னு. பிரிவோட பேரை மட்டும் நம்பாதீங்க. ஒரு போட்டியோட இடைநிலை இன்னொண்ணுல மேல்நிலையா இருக்கும். விதிப்புத்தகத்துல எந்த வித்தைக்குத் தடைன்னு முதல்ல பாருங்க. கீழ்ப் பிரிவுல மேலிருந்து சர்ருன்னு விழுற டிராப்பைப் பல இடத்துல தடுத்திருப்பாங்க; மீறினா மார்க் போகும். காசு வாங்கி வகுப்பு எடுக்கிறவரா? சில போட்டிகள்ல நேரே தொழில்முறைதான் (இது கொஞ்சம் அநியாயம்னுதான் எனக்குப் படுது). பாட்டு முடியுற நேரம், மூச்சு வாங்கும்போதும் முட்டி மடங்காம, பாதம் நீட்டிச் செய்ய முடியுற வித்தை எதுவோ, அதை வச்சு நிலையைத் தேர்ந்தெடுங்க. என்னைக்கோ ஒருநாள் வந்தது கணக்குல இல்ல. சந்தேகம்னா வீடியோ அனுப்பி அமைப்பாளர்கிட்டயே கேட்டுக்கிடலாம்.