புளிக்கறிக்கு எந்தச் சட்டி, முட்டைக்கு எந்தத் தாச்சி?

திருகோணமலை வீடுகளில் கொறுக்காய்ப் புளி போட்ட மீன்கறியும் வைக்க வேண்டும், மீனும் பொரிக்க வேண்டும், முட்டையும் அப்பமும் ஒட்டாமல் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சுள்ள பாத்திரம் சரிவராது.

நொன்ஸ்டிக் (டெஃப்லான்) முட்டைக்கும் அப்பத்துக்கும் மட்டும். வெறும் தாச்சியைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 260 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூட்டில் வளர்க்கும் கிளியைக் கொன்றுவிடக்கூடும். அதனால் அடுப்பு மூட்டுமுன்பே எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் 260 பாகைக்கு முன்பே புகையும். புகைந்தால் தீயைக் குறையுங்கள். 'பீ.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்ற ஒட்டுத்தாளைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அது தயாரிப்பில் பயன்பட்ட ஓர் இரசாயனத்தைப் பற்றியது; பூச்சு எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்லாது.

செரமிக் பூச்சு அதைவிடச் சூடு தாங்கும். ஆனால் வழுக்கும் தன்மை சீக்கிரம் போய்விடும்.

மீன்கறிக்கு எனாமல் நல்லது, புளி அதை அரிக்காது. சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பூச்சில் வெடிப்பு விழும். உட்புறம் பெயர்ந்தால் சமையலுக்கு வேண்டாம். கறுப்புச் சாம்பல் நிற ஹார்ட் அனோடைஸ்டும் (மேற்பரப்பைக் கடினப் படையாக மாற்றிய அலுமினியம்) புளி தாங்கும். அதன் எதிரி காரத்தன்மையுள்ள பொருள்கள்: சாம்பலோ சோடாவோ போட்டுத் தேய்த்தால் அந்தப் படை கரைந்து அலுமினியம் வெளியே வரும். வாங்கும்போது உள்ளே ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டால் மேலே நொன்ஸ்டிக்கும் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 260 பாகைக் கணக்கு அதற்கும் உண்டு.

பொரியலுக்கு இரும்புத் தாச்சிதான். அதற்குப் பூச்சை நாமே போடலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். ஒரு தேக்கரண்டி சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெயை உள்ளும் புறமும் பூசி, துணியால் முற்றாகத் துடைத்தெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படைதான் வேண்டும். எண்ணெய் தேங்கினால் பிசுபிசுக்கும். புகை அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மூன்று நான்கு முறை இப்படியே செய்யுங்கள். தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது, அது இறுகிப் படையாகாது. புளிக்கறி வைத்தால் இந்தப் படை கழன்றுவிடும், கறியும் கறுக்கும்.

உப்புக்காற்றில் இரும்பு ஓரிரவிலேயே துருவேறும், மாரியில் இன்னும் மோசம். கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டே அடுக்குங்கள்.