மாரிக்கு முதல் குடிதண்ணீர் சேர்த்து வைக்கும் முறை

வளவுக்குள் வெள்ளம் ஏறினால் யாழ்ப்பாணத்தில் முதலில் கெடுவது கிணறுதான். மேலே கொஞ்சம் மண், கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல், அதற்குள்ளால் மலசலகூடக் குழித் தண்ணீர் வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே புயல் அறிவித்தல் வந்த உடனேயே நல்ல தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர், குறைந்தது 3 நாளுக்கு. ஐந்து பேர் என்றால் 60 லீற்றர். என் தெரிவு குழாய் வைத்த, வாய் ஒடுங்கிய 20 லீற்றர் கான்தான், வாளி வேண்டவே வேண்டாம், யாராவது கையோடு கோப்பையை விட்டு அள்ளுவார்கள். தோட்டத்து மருந்துக் கானை எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்காதீர்கள்.

காஸ் இருந்தால் கொதிக்க வையுங்கள், தளதளவென்று கொதித்து 1 நிமிடம் போதும்.

காஸ் இல்லையென்றால் குளோரின். பலர் பிழை விடுவது இங்கேதான். கலங்கல் தண்ணீரில் நேரே விட்டால் அதிலுள்ள சேறும் சருகுமே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. அதனால் முதலில் ஓரிரவு அடைய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, பழைய வேட்டியை நாலாக மடித்து வடியுங்கள். அப்புறம் வாசனை சேர்க்காத, 5 அல்லது 6 சதவீதத் திரவ பிளீச், லீற்றருக்கு 2 துளி (வடித்தும் மங்கலாக இருந்தால் 4), கலக்கி மூடி 30 நிமிடம். மணந்து பாருங்கள், லேசாகக் குளோரின் மணந்தால் சரி. மணமே இல்லையா, அதே அளவை இன்னொருக்கால் விட்டு 15 நிமிடம் பொறுங்கள். நாள்பட்ட போத்தல் எங்கள் வெக்கைக்கு வீரியம் இழந்துவிடும், புதிதாக வாங்குவது நல்லது. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதை உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விடுங்கள், அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும்.

பிறகு சேர்த்தது: கொதித்த பின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது சுண்ணாம்பு, பயமில்லை. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்கு. வெங்காயத் தோட்டத்துப் பசளை இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும், குளோரினும் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது, அதற்கு மட்டும் கடைப் போத்தல் தண்ணீரைத் தனியாக வாங்கி வையுங்கள். கழிவெண்ணெய் மணக்கிற கிணறு என்றால் வீட்டில் யாருக்குமே வேண்டாம்.